பதினாறு மூட்டை நெல் விலையில் மடிக்கணினி: கடைமடை விவசாயி வாங்கலாமா?

விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்கிறோம். உரம் வாங்கும்போது மூட்டையின் தையலையும் எடையையும் பார்க்கிறோம். பம்பு செட் வாங்கும்போது எத்தனை குதிரைத் திறன், எத்தனை அடி ஆழத்திலிருந்து நீர் இறைக்கும் என்று விசாரிக்கிறோம். ஆனால், லேப்டாப் எனப்படும் மடிக்கணினி வாங்கும்போது மட்டும் விலைச் சீட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடுகிறோம். குறைந்த விலையில் 'மேகக் கணினி' என்ற பெயரில் மடிக்கணினிகள் விற்பனைக்கு வந்துள்ள இந்நாளில், அவற்றின் நன்மை தீமைகளை விவசாயக் கண்ணோடு ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

குமராட்சி வட்டாரம் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள கடைமடைப் பகுதி. கீழணையிலிருந்து வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால் ஆகியவற்றின் வழியாகவும், வீராணம் ஏரியிலிருந்தும் வரும் நீரை நம்பி இப்பகுதியில் சம்பா நெல்லும், அதன் பின் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் சாகுபடியாகின்றன. 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் சேர்க்கப்பட்ட கடலூர் மாவட்ட வட்டாரங்களில் குமராட்சியும் ஒன்று.

இவ்வட்டார விவசாயிக்கு இன்று கணினியில் ஆக வேண்டிய வேலைகள் பல. சிட்டா நகல் இணையத்தில் எடுக்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல்கள் வேண்டும். 2019 முதல் வழங்கப்படும் பிரதமரின் கிசான் நிதி, 2025-இல் தொடங்கிய விவசாயி தனி அடையாள எண், கருவி மானியங்கள் என்று எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்துக்கு நடை, பஸ் கட்டணம், அரை நாள் வேலை இழப்பு. ஆகவே, 'வீட்டிலேயே ஒரு மலிவு லேப்டாப் வாங்கிப் போட்டால் என்ன?' என்ற எண்ணம் எழுவது இயற்கையே.

மேகக் கணினி என்பது யாது?

இது மழை மேகம் அல்ல. சாதாரண மடிக்கணினியில் நாம் எழுதும் கடிதம், எடுக்கும் படம், போடும் கணக்கு அனைத்தும் அக்கருவிக்குள் உள்ள வட்டிலேயே தங்கும். வேலை செய்யும் மென்பொருளும் அதற்குள்ளேயே இருக்கும். மேகக் கணினி முறையில் இவை எங்கோ தொலைவில் ஒரு பெரிய கணினிக் கிடங்கில் இருக்கும். நம் கையில் உள்ள கருவி இணையத்தின் வழியாக அவற்றை வரவழைத்துக் காட்டும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடும். கருவிக்குள் பெரிய வட்டும், அதிகத் திறனுள்ள சில்லும் தேவைப்படாததால் விலை குறைகிறது.

நம் விவசாயிக்கு இதை எளிதாகச் சொல்வதானால், சாதாரண மடிக்கணினி சொந்த ஆழ்துளைக் கிணறு போன்றது. முதல் போட்டால் நீர் நம்முடையது. மேகக் கணினி வாய்க்கால் பாசனம் போன்றது. செலவு குறைவு, நீரும் தாராளம். ஆனால் தலைப்பில் ஷட்டரைத் திறப்பவர் வேறொருவர். தலைமடையில் உள்ளவருக்குக் கவலை இல்லை. கடைமடையில் உள்ளவர்தான், 'தண்ணீர் நம் மடை வரை வந்து சேருமா?' என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியை நாற்றங்காலுக்கு முன் கேட்டுப் பழகியவர்கள் நாம். இக்கருவியை வாங்குமுன்னும் அதையே கேட்க வேண்டும்.

இவ்வகைக் கருவிகளில் பெயர் பெற்றது 'குரோம்புக்'. கூகுள் நிறுவனத்தின் இயங்குதளத்தைக் கொண்டு ஏசர், சாம்சங் நிறுவனங்கள் தயாரித்த முதல் குரோம்புக்குகள் 2011 ஜூன் மாதம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. பள்ளிகளில் இவை பெருமளவில் பரவின. 2023 அக்டோபரில் எச்.பி. நிறுவனம் கூகுளுடன் சேர்ந்து சென்னைக்கு அருகிலுள்ள தொழிற்சாலையிலேயே குரோம்புக் தயாரிக்கத் தொடங்கியது. அப்போது அறிவிக்கப்பட்ட தொடக்க விலை 15,990 ரூபாய். அதே ஆண்டு ஜூலை இறுதியில் ரிலையன்ஸ் நிறுவனம் 4ஜி சிம் வசதியுள்ள 'ஜியோபுக்' என்னும் கருவியை 16,499 ரூபாய் விலையில் அறிவித்தது. பின்னர் விலைகள் ஏறியும் இறங்கியும் வந்துள்ளன. ஆகவே வாங்கும் நாளில் இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துக் கொள்வது நலம்.

2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டில் பொது ரக நெல்லுக்கு ஊக்கத்தொகையுடன் நிர்ணயிக்கப்பட்ட விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டை ஒன்று ஆயிரம் ரூபாய். ஆகவே 16,000 ரூபாய்க் கருவி என்பது பதினாறு மூட்டை நெல். அந்தப் பதினாறு மூட்டைக்கு ஈடான பயன் உண்டா என்பதே நம் ஆராய்ச்சி.

நன்மைகள்

1. முதலீடு குறைவு. புதிய சாதாரண மடிக்கணினியின் விலையில் ஏறத்தாழப் பாதிக்கு இது கிடைக்கிறது.

2. கருவி போனாலும் காகிதம் போவதில்லை. நம் பகுதிக்கு இதுவே முதன்மையான நன்மை என்று சொல்லலாம். கொள்ளிடத்தில் 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் பெருவெள்ளம் வந்ததைக் கரையோர மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீட்டுக்குள் நீர் புகுந்தால் டிரங்குப் பெட்டியில் உள்ள பத்திரமும், சாதாரணக் கணினியின் வட்டில் உள்ள நகலும் ஒருசேர நனைந்து போகலாம். மேகத்தில் வைத்த நகலோ அப்படியே இருக்கும். நீர் வடிந்த பின் வேறு எந்தக் கணினியிலும், கைப்பேசியிலும் நம் கணக்கைத் திறந்து எடுத்துக் கொள்ளலாம்.

3. பராமரிப்பு எளிது. சில நொடிகளில் இயங்கத் தொடங்கும். மென்பொருள் தானாகவே புதுப்பித்துக் கொள்ளும். வைரஸ் தொல்லை மிகக் குறைவு. பழுது பார்க்கும் கடைக்கு அடிக்கடி தூக்கிக் கொண்டு ஓட வேண்டியதில்லை.

4. மின்சாரச் செலவு குறைவு. ஒரு முறை சார்ஜ் செய்தால் எட்டு மணி நேரம் வரை வேலை செய்யக்கூடிய கருவிகள் உள்ளன. பகலில் மின்வெட்டு ஏற்பட்டாலும் வேலை தடைப்படாது.

5. ஒரே கணக்கைப் பலர் பார்க்கலாம், எழுதலாம். உழவர் உற்பத்தியாளர் குழு ஒன்று மூன்று ஊர்களில் உளுந்து வாங்குவதாக வைத்துக் கொள்வோம். ஒவ்வோர் ஊரிலும் எடை போடுபவர் தம் கைப்பேசியிலேயே உறுப்பினர் பெயர், ஈரப்பதம், எடை ஆகியவற்றைப் பொது அட்டவணையில் பதிந்தால், குமராட்சியில் உள்ள அலுவலகக் கணினியில் அது அப்போதே தெரியும். மாலையில் மூன்று நோட்டுப் புத்தகங்களைச் சேர்த்துக் கூட்டிச் சரிபார்க்கும் வேலை இல்லை. பணப் பட்டுவாடாவில் தகராறும் குறையும்.

6. தமிழில் தட்டச்சு செய்ய வசதி உண்டு. தமிழ்99 விசைப்பலகையையும், ஒலிப்பு முறையையும் அமைப்பில் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

குறைகள்

1. இணையம் இல்லையேல் பாதிக்கு மேல் வேலை நின்றுவிடும். சாலையோரத்தில் நன்றாக வரும் சிக்னல், களத்து மேட்டிலும் ஓட்டு வீட்டின் உள்ளறையிலும் வராமல் போகலாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. மின்சாரம் இல்லாவிட்டால் டவருக்கும் உயிர் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இதே கரையில்தான் வந்து சேர்ந்தது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்கான கெடு வழக்கமாக நவம்பரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதமும் அதுவே. மேலும், நெற்பயிர் நீரில் மூழ்குவதால் ஏற்படும் இழப்பைத் தனி விவசாயி அளவில் மீண்டும் காப்பீட்டில் சேர்ப்பதாகவும், அது 2026 கரீஃப் பருவத்திலிருந்து நடைமுறைக்கு வரும் என்றும் மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. அதன்படி இழப்பை 72 மணி நேரத்துக்குள் செயலி மூலம் படத்துடன் தெரிவிக்க வேண்டும். ஆக, நமக்கு ஆவணங்கள் மிக அவசரமாகத் தேவைப்படும் நாட்களும், இணையம் அறுந்து போகும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. மேகத்தில் மட்டும் வைத்திருப்பவர் அந்த 72 மணி நேரத்தில் கை பிசைந்து நிற்க நேரிடும்.

2. எல்லா மென்பொருளும் இயங்காது. விண்டோஸ் கணினிக்கென்று செய்யப்பட்ட கணக்கு மென்பொருள்களை இதில் நேரடியாக நிறுவ முடியாது. வரி, கம்பெனிப் பதிவு வேலைகளுக்குப் பயன்படும் மின்னணுக் கையொப்பச் சாவி, கைரேகைக் கருவி, பழைய பிரிண்டர் ஆகியவை இத்துடன் பெரும்பாலும் ஒத்து வராது. உற்பத்தியாளர் கம்பெனிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

3. பழைய தமிழ் எழுத்துருக்களில் தொல்லை. முன்னாளில் பலவகைத் தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உறுப்பினர் பட்டியல்களும் தீர்மானங்களும் இதில் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்ட யூனிக்கோடு முறைக்கு அவற்றை முதலில் மாற்றியாக வேண்டும்.

4. விதிகளை மாற்றும் உரிமை நம்மிடம் இல்லை. கூகுள் கணக்குடன் இலவசமாகக் கிடைக்கும் இடம் 15 ஜிபி. அளவின்றிப் படங்களை இலவசமாகச் சேமிக்கும் வசதியை அந்நிறுவனம் 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023-இல் கொண்டு வந்தது. கணினி மையத்தில் யாரோ திறந்து கொடுத்த கணக்கில் ஆவணங்களைப் போட்டுவிட்டு மறந்தவருக்கு இது பேரிழப்பு.

5. கருவிக்கும் ஆயுள் தேதி உண்டு. குரோம்புக்குகளுக்குப் பத்து ஆண்டுகள் வரை புதுப்பிப்பு தரப்படும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் இந்தப் பத்து ஆண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. அந்த வகைக் கருவி முதலில் வெளிவந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பில் பாதி ஆயுள் முன்பே கழிந்திருக்கலாம். காலாவதியான பூச்சிமருந்தைப் போலத்தான் இதுவும். தேதி பாராமல் வாங்கக் கூடாது.

6. பிற்காலத்தில் திறனைக் கூட்ட முடியாது. மலிவு வகைகளில் நினைவகமும் சேமிப்பகமும் பலகையோடு சேர்த்தே பொருத்தப்பட்டிருக்கும். பிள்ளைகள் பொறியியல் வரைபடம், பெரிய நிரல் வேலை போன்றவற்றைப் படிக்கத் தொடங்கினால் இது போதாது.

புதுச்சேரி தரும் பாடம்

தொலைவிலுள்ள தகவலைக் கிராமத்துக்குக் கொண்டு வரும் முயற்சி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அண்டையிலுள்ள புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் மைய நிலையம். அங்கிருந்து கம்பியில்லா வானொலித் தொடர்பு வழியாகச் சுற்றுக் கிராமங்களில் உள்ள கணினிகளுக்குத் தகவல் சென்றது. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய ஒளித் தகடுகள் பொருத்தப்பட்டன. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பு எடுக்கப்பட்டு, ஒலிபெருக்கி மூலம் தமிழில் அறிவிக்கப்பட்டது.

இத்திட்டத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, கருவி ஒரு குடும்பத்துக்கு என்றில்லாமல் ஊருக்குப் பொதுவாக இருந்தது. இரண்டாவதாக, அதைக் கையாளப் பயிற்சி பெற்ற உள்ளூர்த் தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள், இருந்தனர். மூன்றாவதாக, தகவல் கணினியில் வந்ததோடு நின்றுவிடாமல் ஒலிபெருக்கிக்கும் தகவல் பலகைக்கும் போய்ச் சேர்ந்தது. கணினித் திரையைப் பார்க்காத மீனவருக்கும் அலையின் உயரம் தெரிந்தது. இன்றைய மேகக் கணினிக்கும் இம்மூன்றும் பொருந்தும்.

ஐந்தாண்டுச் செலவுக் கணக்கு

கீழ்க்கண்டது ஒரு மாதிரிக் கணக்கே. தத்தம் ஊர் விலைக்கு ஏற்ப மாற்றிப் போட்டுக் கொள்ளவும்.

மேகக் கணினி: கருவி விலை 16,000 ரூபாய். இணையக் கட்டணம் மாதம் 300 ரூபாய் வீதம் 60 மாதத்துக்கு 18,000 ரூபாய். மொத்தம் 34,000. ஆண்டுக்குச் சராசரி 6,800 ரூபாய்.

சாதாரண மடிக்கணினி: கருவி விலை 35,000 ரூபாய். இணையத்தைக் குறைவாகப் பயன்படுத்துவதால் மாதம் 150 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். மொத்தம் 44,000. ஆண்டுக்குச் சராசரி 8,800 ரூபாய்.

இ-சேவை மையம்: ஆண்டுக்கு 12 முறை சென்று வருவதாகவும், கட்டணம், பஸ், வேலை இழப்பு எல்லாம் சேர்த்து ஒரு நடைக்கு 250 ரூபாய் ஆவதாகவும் கொண்டால், ஆண்டுக்கு 3,000 ரூபாய்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. கருவியின் விலையை விட ஐந்தாண்டு இணையக் கட்டணம் அதிகம். வாய்க்காலுக்குக் கிஸ்தி கட்டுவது போல் இது மாதந்தோறும் தொடரும் செலவு. அடுத்து, ஓரிரு ஏக்கர் சாகுபடி செய்யும் தனி விவசாயிக்கு, சாகுபடி வேலைகளுக்காக மட்டும் என்றால், மடிக்கணினி எதுவும் கட்டுபடியாகாது. கையில் உள்ள கைப்பேசியும், 2018-இல் வெளியான உழவன் செயலியும், எப்போதாவது இ-சேவை மையமும் அவருக்குப் போதும். அந்தப் பதினாறு மூட்டையின் பணத்தை நல்ல விதைக்கும் நிலம் சமன் செய்யவும் செலவிட்டால் பலன் கூடுதல்.

அதே கருவியை நூறு உறுப்பினர் உள்ள ஒரு குழு வாங்கினால், ஆண்டுக்கு ஒருவருக்கு வரும் பங்கு 68 ரூபாய். இங்குதான் மேகக் கணினி பொருள் பொதிந்ததாகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்த திட்டமும், மேகக் கணினி வழியிலான பொது மென்பொருளையே அடிப்படையாகக் கொண்டது. சங்கத்துக்கு ஏற்ற முறை உழவர் குழுவுக்கும் ஏற்றதே.

யாருக்கு ஏற்றது?

உழவர் உற்பத்தியாளர் குழு, மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு, வாடகைக்குக் கருவி விடும் நிலையம் நடத்துவோர் ஆகியோருக்கு ஏற்றது. பள்ளி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில், படிப்புக்கும் விவசாயக் கணக்குக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதானால் வாங்கலாம். ஆனால் அரசுத் திட்டத்தில் மடிக்கணினி கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது.

வீட்டில் சிக்னல் சரிவரக் கிடைக்காதவர்கள், கணக்கு மென்பொருளை நம்பித் தொழில் செய்பவர்கள், பொறியியல் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல.

பரணில் பழைய கருவி உண்டா?

பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அவ்வாறு கிடைத்த கருவிகள், பிள்ளைகள் படித்து முடித்த பின், பல வீடுகளில் பரணில் தூங்குகின்றன. பழைய கணினியை மேகக் கணினி போல் மாற்றும் 'குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ்' என்னும் இயங்குதளத்தை 2022-இல் கூகுள் இலவசமாக வெளியிட்டது. இதற்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகம் வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட 2 ஜிபி கருவிகளுக்கு இது ஒத்து வராது. பிற்காலக் கருவிகளில் முயன்று பார்க்கலாம். மாற்றும்போது வட்டில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். ஆகவே படங்களையும் சான்றிதழ்களையும் முன்னதாகவே நகல் எடுத்து வைக்க வேண்டும். புது மின்கலம் ஒன்று போட்டால் போதும் என்ற நிலையில் உள்ள கருவிக்குப் பதிலாகப் பதினாறு மூட்டை நெல்லைச் செலவிட வேண்டியதில்லை.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

1. கருவியை எந்த இடத்தில் வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்களோ, அந்த இடத்தில் கைப்பேசியில் இணைய வேகத்தைப் பாருங்கள். காலை, மாலை, இரவு 8 மணி என மூன்று வேளையும் ஒரு வாரம் பார்ப்பது அவசியம். மழை நாளில் ஒரு முறை பார்ப்பது இன்னும் நல்லது.

2. கருவியிலேயே சிம் பொருத்தும் வசதி இருந்தால், எல்லா நிறுவனங்களின் சிம்மும் வேலை செய்யுமா, ஒரே நிறுவனத்துடையது மட்டும்தானா என்று கேளுங்கள். அந்த நிறுவனத்தின் டவர் நம் ஊரை எட்டுகிறதா என்று பாருங்கள்.

3. புதுப்பிப்பு முடியும் ஆண்டைக் கேளுங்கள். குறைந்தது ஆறு ஆண்டுகளாவது மீதம் இருக்க வேண்டும்.

4. நினைவகம் 4 ஜிபிக்குக் குறையாமலும், சேமிப்பகம் 64 ஜிபிக்குக் குறையாமலும் இருப்பது நலம்.

5. இருக்கின்ற பிரிண்டரைக் கடைக்கே எடுத்துச் சென்று இணைத்துப் பாருங்கள்.

6. சிட்டா எடுக்கும் இணையதளம், நெல் கொள்முதல் பதிவுத் தளம், வங்கித் தளம் ஆகிய மூன்றையும் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய பின் கையாளும் முறை

வாய்க்கால் பாசனத்தை மட்டும் நம்பாமல் பண்ணைக்குட்டை வெட்டி நீரைத் தேக்கி வைக்கிறோம் அல்லவா? அதே உபாயத்தை இங்கும் கையாள வேண்டும்.

நிலப் பத்திரம், சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், காப்பீட்டு ரசீது ஆகிய ஆறையும் தெளிவாகப் படம் எடுத்து மேகத்தில் ஒரே உறையில் வைக்கவும். அதே ஆறையும் கருவிக்குள்ளும் இறக்கி வைக்கவும். ஒரு பென் டிரைவில் மூன்றாவது நகல் போட்டு, பிளாஸ்டிக் உறையில் கட்டி, வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வைக்கவும். காகித நகல் ஒன்று நனையாத பையில் பரண் மேல் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

கடிதங்களையும் அட்டவணைகளையும் இணையம் இல்லாதபோதும் திறந்து எழுதும் வசதி உண்டு. ஆனால் இணையம் இருக்கும்போதே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். புயல் வந்த பின் இதை அமைக்க முடியாது. கடையிலேயே இதைச் செய்து காட்டச் சொல்லி, வீட்டில் ஒரு முறை இணையத்தை அணைத்துச் சோதித்துப் பார்க்கவும்.

கணக்கு யார் பெயரில் என்பது மிக முக்கியம். வீட்டுக்கு வாங்கினால் குடும்பத் தலைவர் அல்லது தலைவியின் கைப்பேசி எண்ணில் கணக்கைத் திறக்கவும். கணினி மையத்தாரின் எண்ணிலோ, விற்பனையாளர் எண்ணிலோ திறக்கக் கூடாது. குழுவுக்கு வாங்கினால் குழுவின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, அதற்கென ஒரு சிம் வைத்துக் கொள்ளவும். செயலாளர் தம் சொந்தக் கணக்கில் குழுவின் ஏடுகளை வைத்திருந்து, அவர் விலகிப் போனால் உறுப்பினர்களின் கணக்கும் அவருடனேயே போய்விடும். கடவுச்சொல்லை மூடிய உறையில் இட்டு, தலைவர், பொருளாளர் கையொப்பத்துடன் தீர்மானப் புத்தகத்தோடு பாதுகாக்கவும். உறுப்பினர்களின் ஆதார் எண்கள் உள்ள பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைக்கலாகாது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி வைப்பது களவிலிருந்து காக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது கணக்கைத் திறந்து பார்க்கவும். சம்பா நடவு முடிந்ததும் ஒரு முறை, உளுந்து அறுவடை முடிந்ததும் ஒரு முறை என்று வழக்கப்படுத்திக் கொண்டால் மறக்காது.

விவசாயிகள் கேட்கும் கேள்விகள்

கேள்வி: கைப்பேசியின் இணையத்தையே இதற்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். எழுத்து வேலைக்கு மிகக் குறைந்த அளவே செலவாகும். காணொளி பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு அரை முதல் ஒரு ஜிபி வரை கரைந்துவிடும். பிள்ளைகள் படம் பார்த்துத் தீர்த்துவிட்டால் அன்று மாலை நெல் பதிவுக்கு இணையம் இராது.

கேள்வி: பயிரின் நோயைப் படம் எடுத்து அனுப்ப இது உதவுமா?

பதில்: இல்லை. இதிலுள்ள கேமரா திரைக்கு மேல் இருப்பதால் வயலுக்கு ஏற்றதல்ல. படத்தையும், காப்பீட்டுக்கான இழப்பு அறிவிப்பையும் கைப்பேசியிலேயே செய்ய வேண்டும். படங்களைச் சேர்த்து வைக்கவும், மனு எழுதவும், பழைய ஆண்டு விவரங்களை ஒப்பிடவும் மடிக்கணினி உதவும்.

கேள்வி: தவணையில் வாங்கலாமா?

பதில்: சாகுபடிக் கடன் பணத்தை இதற்குத் திருப்புவது கூடவே கூடாது. அறுவடைப் பணம் கைக்கு வந்த பின் ரொக்கமாக வாங்குவதே சிறந்தது.

முடிவாக, மேகக் கணினி மோசமான பொருளும் அல்ல; எல்லோருக்கும் ஏற்ற பொருளும் அல்ல. சிக்னல் உறுதியாகக் கிடைக்கும் ஊரில், பலர் கூடிப் பயன்படுத்தினால், பதினாறு மூட்டை நெல்லுக்கு மேல் பயன் தரும். தனி ஒருவர் அழகுக்காக வாங்கி வைத்தால் நட்டமே. எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஆறு ஆவணங்களின் நகலையும் மூன்று இடங்களில் வைக்கும் வேலையை ஒவ்வொரு விவசாயக் குடும்பமும் முடித்துவிட வேண்டும். பயிர்க் காப்பீட்டு விதிகள், பதிவுக் கெடு ஆகியவற்றைப் பற்றிய விவரங்களுக்கு உழவர் பெருமக்கள் தங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையோ, குமராட்சி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகிப் பயனடையலாம்.